பட்டாணி அளவுக் குழி

கல்யாணமாகி நாற்பது வருசம் ஆன ஒருத்தி உங்கள் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கு மேக்கப் போட்டு உடு கண்ணு" என்று முகத்தை நீட்டினால், நீங்கள் முதலில் எங்கே கை வைப்பீர்கள்?

சிலர் கண்ணுக்குக் கீழே என்பார்கள். சிலர் கன்னத்தில் என்பார்கள். செல்வநாயகியைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பாள்.

"எங்கே ஓட்டை இருக்குதோ அங்கே."

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. வெள்ளகோவிலில் ஒரு பனியன் கம்பெனியில் பல வருசம் செக்கிங் வேலை பார்த்தவள். மேசைமேல் துணியை விரித்துப் போட்டால் போதும். ஊசிமுனை ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம் தானாக எழுந்து வந்து அவள் கண்ணில் விழும். அம்புக்குறி போட்ட ஸ்டிக்கரை எடுத்து அந்த இடத்தில் ஒட்டி, துணியைத் தள்ளிவிட்டு, அடுத்ததை இழுப்பாள். பிள்ளைகள் தலையெடுத்து, "இனிமே வேலைக்குப் போக வேண்டாம்மா" என்றதும், சும்மா உட்கார முடியாமல் அதே ஊரில் தமயந்தி நடத்திய பியூட்டி பார்லரில் மேக்கப் கற்றுக்கொள்ளச் சேர்ந்துவிட்டாள்.

தமயந்திக்கு அவளைவிட வயது ரொம்பக் குறைவு. இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே மணப்பெண்ணுக்குக் கண்மை இழுக்கக்கூடியவள். குரு சிஷ்யையை "நாயகியக்கா" என்பாள். சிஷ்யை குருவை "டீச்சர்" என்பாள். இதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

ஒருநாள் செல்வநாயகி வயதான அம்மாள் ஒருத்திக்குப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். தமயந்தி வந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறீங்களா?"

"ஏன் டீச்சர், நல்லாத்தானே இருக்குது?"

"அம்மா, கொஞ்சம் சிரிங்க."

அந்த அம்மாள் சிரித்தாள். கண்ணோரத்திலும் வாயோரத்திலும் பூச்சு, கோடு கோடாகப் பிளந்து நின்றது. சிரிப்பதை நிறுத்தின பிறகும் கோடு அப்படியே இருந்தது.

செல்வநாயகிக்கு அழுகை வராத குறை. பஞ்சை நனைத்துத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"சின்னப் பொண்ணுங்களுக்கு மேலே மேலே போட்டாலும் நிக்குது. வயசானவங்க மூஞ்சியில நிக்க மாட்டேங்குது. எதை மூடறது, எதை விடறது? ஒரு கணக்குச் சொல்லுங்க டீச்சர், மனசுல வெச்சுக்கறேன்."

தமயந்தி குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாய் ஊட்டிவிட்டுச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை சென்னியப்ப அய்யா வீட்டுல விசேசம். நாப்பதாவது கல்யாண நாள். அந்தம்மாவுக்கு நீங்க போடுங்க."

"நானா? தனியாவா?"

"நான் பக்கத்துல இருப்பேன். கை வைக்க மாட்டேன்."

"சரிங்க டீச்சர். என்ர கேள்விக்குப் பதிலு?"

"அதைத்தானக்கா சொன்னேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபத்தில் இட்லி வெந்த வாசனையும் மல்லிகை வாசனையும் ஒன்றையொன்று முந்தப் பார்த்துக்கொண்டிருந்தன. மணமகள் அறை என்று எழுதிய கதவுக்கு உள்ளே வேலாத்தாள் உட்கார்ந்திருந்தாள். அறுபதைத் தாண்டியவள். தோட்டத்து வெயிலும் மஞ்சளும் மாறி மாறித் தேய்த்த முகம். கட்டியிருந்த அரக்குக் கலர் பட்டுப்புடவையின் கொசுவத்தை மடியில் சுருட்டிப் பிடித்தபடி, எங்கே அது தரையில் பட்டுவிடுமோ என்று காலைத் தூக்கி வைத்திருந்தாள்.

"கண்ணு, கதவைச் சாத்து. ஒரு சமாச்சாரம் சொல்லோணும்."

செல்வநாயகி கதவைச் சாத்தினாள். தமயந்தி சன்னலோரத்தில் பூச்சரத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஊட்டுக்காரருக்குக் கண்ணு போச்சு."

"அய்யோ. என்னம்மா சொல்றீங்க?"

"மெதுவாப் பேசு. முழுசாப் போகல. ஓரத்துல தெரியுது. நடக்கறாரு, வாய்க்கால்ல தண்ணி கட்டறாரு. நேரா எதைப் பாக்கறாரோ அது மட்டும் தெரியறதில்ல. நடுவுல புகை அண்டுன மாதிரி இருக்குதாம். இனித் திரும்பாதுன்னு கோயமுத்தூர் டாக்டரு சொல்லிட்டாரு. மகனுக்குக்கூட இன்னும் சொல்லல."

"ஏம்மா சொல்லல?"

"விசேசம் முடியட்டும்னாரு. வர்றவங்க அரிசி போட்டு வாழ்த்த வரோணும், துக்கம் விசாரிக்க வரப்படாதுன்னாரு. நாளைக்குச் சொல்லிருவோம். இன்னிக்கு ஒருநாள் மட்டும் அவரு மேடையில தடுமாறாம இருந்துட்டாப் போதும். மாலை பெருசு, போட்டுருவாரு. மோதிரமெல்லாம் வேண்டாம்னு நானே சொல்லிட்டேன். குங்குமம் ஒண்ணுதான்."

"அதை வெச்சிருவாரா?"

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அவருதான வெக்கறாரு. கல்யாணம் ஆனதுல இருந்து அப்படித்தான். மூஞ்சியைக் கிட்டத்துல கொண்டுபோனா அவருக்குத் தெரியுமாட்ட இருக்குது. இதுவரைக்கும் ஒரு நாளும் தப்புனதில்ல."

"அப்புறம் என்னம்மா, தைரியமா இருங்க."

வேலாத்தாள் தலையாட்டினாள். அப்புறம் இன்னும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, வலது புருவத்துக்கு மேலே, உட்பக்கமாக விரலை வைத்தாள்.

"இதை மூடிரு."

சின்ன வயதில் அம்மை போட்டு விட்டுப்போன குழி. பட்டாணி அளவு இருக்கும். கதவைத் திறந்து உள்ளே வந்தபோதே செல்வநாயகியின் கண் அந்த இடத்தில் அம்புக்குறி ஒட்டிவிட்டிருந்தது.

"கல்யாணத்தன்னிக்கு எங்க நாத்தனா ராமாத்தா இருக்கறாளே, அத்தனை பேர் முன்னால என்ர தாவாயைப் புடிச்சு நிமித்தி, 'அண்ணி நெத்தியில ஒரு பட்டாணியை வெச்சா உருளாம நிக்குமாட்ட இருக்குதே'ன்னா. எல்லாருஞ் சிரிச்சாங்க. அவ சின்னப் புள்ள, வெளையாட்டுக்குச் சொன்னா. எனக்கு மட்டும் அது போகவே இல்ல. கல்யாணப் போட்டோவுல பாரு, தலையைக் குனிஞ்சுட்டு நிப்பேன். பொண்ணு எவ்வளவு வெக்கப்படுதுன்னு பேசிக்கிட்டாங்க. வெக்கமா அது? குழியை மறைச்சேன்."

"அதுக்கு அப்புறம்?"

"அப்புறமும் அப்படித்தான். மக கல்யாணம், மகன் கல்யாணம், பேத்தி காதுகுத்து, எல்லாத்துலயும் என்ர உச்சந்தலைதான் இருக்கும். ஒரே ஒரு போட்டோவுல தலையை நிமித்திட்டு நிக்கோணும் கண்ணு. அவ்வளவுதான் எனக்கு."

"அதை என்கிட்ட விட்டுருங்க" என்றாள் செல்வநாயகி. இந்த வேலைக்கென்றே பிறந்தவள்போல இருந்தது அவளுக்கு.

தமயந்தி திரும்பவே இல்லை. பூச்சரத்தை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

செல்வநாயகி முகத்தைக் கழுவச் சொல்லி, துடைத்து, முதலில் க்ரீமைத் தடவி, அது தோலில் இறங்கும்வரை காத்திருந்தாள். பவுண்டேஷனைக் கழுத்தோரத்தில் தொட்டுப் பார்த்து நிறம் பொருத்தினாள். ஈர ஸ்பாஞ்சால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். இதெல்லாம் அவளுக்குப் பாடமாகியிருந்தது. ஆனாலும் வேலாத்தாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓட்டுப்போடப் போனவள்போல விறைப்பாக உட்கார்ந்திருந்ததால், எந்த இடம் சுருங்கும் என்பது பிடிபடவில்லை.

சன்னலோரத்திலிருந்து தமயந்தி கேட்டாள்.

"அம்மா, கல்யாணம் ஆகி வந்ததும் அய்யா உங்களோட மொத மொதல்ல என்ன பேசினாரு?"

"அவரா? மோட்டாரை நிறுத்திட்டயான்னு கேட்டாரு."

"கல்யாணப் பொண்ணுகிட்டயா?"

"ஆமா. நான் எந்த மோட்டாரைக் கண்டேன்? நிறுத்திட்டேனுங்கன்னு சொல்லிட்டேன். விடியற வரைக்கும் ஓடி, கத்திரிக்காய்க் காடு பூரா தண்ணி."

வேலாத்தாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். முகத்தில் எங்கெங்கே மடிப்பு விழ வேண்டுமோ அங்கெல்லாம் விழுந்தது. செல்வநாயகி அந்த இடங்களைப் பார்த்துக்கொண்டாள். அங்கெல்லாம் பூச்சைக் குறைத்து, விரல் நுனியால் மெல்ல எடுத்துவிட்டாள். கன்னத்துச் சிவப்பைக் கொஞ்சம் மேலே ஏற்றினாள். கண்ணிமைக்கு மினுமினுப்பு வேண்டாமென்று விட்டாள். பவுடரைத் தொட்டும் தொடாமலும் காட்டினாள்.

கடைசியாகத்தான் குழிக்கு வந்தாள். குழி நிரப்பும் பசை ஒரு சின்ன டப்பாவில் இருந்தது. மழுங்கின குச்சியால் துளி எடுத்து வைத்து, அமுக்கி, ஓரத்தை நீவி, மேலே பவுண்டேஷனை ஒற்றினாள். தள்ளி நின்று பார்த்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள். நல்ல வெளிச்சத்தில் பக்கவாட்டிலும் பார்த்தாள். செக்கிங் மேசையில் அந்த நெற்றியைப் போட்டிருந்தால், முதல் தரம் என்று தட்டி எடுத்து வைத்திருப்பார்கள்.

கண்ணாடியைத் திருப்பிக் காட்டினாள்.

வேலாத்தாள் பார்த்தாள். தாவாயைக் கொஞ்சம் தூக்கினாள். இன்னும் கொஞ்சம் தூக்கினாள்.

"ராமாத்தா வந்து தேடட்டும்" என்றாள்.

செல்வநாயகி பெருமையாகத் தமயந்தியைப் பார்த்தாள். "டீச்சர், அம்மாவை மேடைக்கு அனுப்பட்டுமா?"

"அய்யாவைக் கூப்பிடுங்க."

அது தமயந்தியின் வழக்கம். மாலை போடுகிற கை, தாலி கட்டுகிற கை, பொட்டு வைக்கிற கை, எதுவானாலும் ஒருமுறை உள்ளே வந்து தொட்டுப் பார்க்காமல், அவளிடம் அலங்காரம் செய்துகொண்டவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. மேடைக்குப் போன பிறகு கலைந்தால் யாரைக் கேட்பது?

சென்னியப்பன் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நேரான நடை. சொல்லியிருக்காவிட்டால் செல்வநாயகிக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. பேசும்போது மட்டும் கழுத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, ஓரக்கண்ணால் பார்ப்பவர்போல நின்றார்.

"அய்யா, அம்மாவுக்கு ஒருக்கா குங்குமம் வெச்சுப் பாருங்க" என்றாள் தமயந்தி.

"இதுக்கும் ரிகர்சலா? நாப்பது வருசமா வெச்சுட்டுத்தான இருக்கறேன்."

சிரித்துக்கொண்டே குங்குமக் கிண்ணத்தில் மோதிர விரலைத் தோய்த்தார். முகத்துக்கு நேரே கையைக் கொண்டுபோனார். நடுவிரல் நெற்றியில் பட்டது. நகர்ந்தது. புருவத்தைத் தொட்டு மேலே ஏறியது. மறுபடி இறங்கியது. வலப்பக்கம் போய், திரும்பி வந்து, வந்த வழியே இன்னொருமுறை போனது.

"ஏன் அம்மிணி, நெத்தியை ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டயா?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை நிறுத்தினார். விரல் இன்னும் கொஞ்சம் தேடியது. பிறகு ஒரு தீர்மானத்துக்கு வந்ததுபோல மோதிர விரலை அழுத்தி எடுத்தார்.

"வெச்சனா?"

வேலாத்தாள் கண்ணாடியைப் பார்த்தாள். இடது புருவத்தின்மேல் பாதியும் புருவ முடிக்குள் பாதியுமாகக் குங்குமம் அப்பியிருந்தது.

"வெச்சீங்க."

"பொய் சொல்லாத புள்ள. உன்ர சத்தமே காட்டிக் குடுக்குது."

வெளியே மேளக்காரர்கள் ஒருமுறை தட்டிப் பார்த்து நிறுத்தினார்கள். சென்னியப்பன் கையைத் துண்டில் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தக் குழியை என்ன பண்ணுனே?"

"எந்தக் குழி?"

"எத்தனை குழி இருக்குது உனக்கு? நடுவிரலை அதுல வெச்சா மோதிர விரலு தானா நெத்திக்கு நடுவுல எறங்கும். அதைக் காணோமே."

வேலாத்தாள் நாற்காலியில் அப்படியே திரும்பி உட்கார்ந்தாள். புடவைக் கொசுவம் தரையில் விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

"அது உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன கேள்வி இது."

"நாப்பது வருசத்துல அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசுனதில்லையே. நீங்க பாத்ததேயில்லைன்னு இருந்தேன்."

"பாக்கறதுக்கு நீ எங்க மூஞ்சியைக் காட்டுன? பொட்டு வெக்க வந்தாச் சுவத்தைப் பாத்துட்டு நிப்பே. அப்ப தடவிப் புடிச்சதுதான். கண்ணு நல்லா இருந்தப்பவும் அப்படித்தான் வெச்சேன். இப்பவும் அப்படித்தான். அதுல பேசறதுக்கு என்ன இருக்குது?"

கதவை யாரோ தட்டினார்கள். "நேரமாச்சுங்க, மேடைக்கு வரச் சொல்றாங்க!"

செல்வநாயகி குருவிடம் ஓடினாள்.

"டீச்சர், எடுத்துரட்டுமா? விட்டுரட்டுமா?"

"என்னைக் கேக்காதீங்க."

"வேற யாரைக் கேப்பேன்?"

தமயந்தி பஞ்சை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

சென்னியப்பன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அது அப்படியே இருக்கட்டும். நான் எங்கியாவது வெச்சுக்கறேன். நீ ஆசைப்பட்டுப் பண்ணியிருக்கறே."

"எங்கியாவது வெக்கறதுக்கு இதென்ன வரப்பா?" வேலாத்தாள் கண்ணாடியில் இன்னொரு முறை பார்த்தாள். அந்தப் பார்வை கொஞ்சம் நீளமாக இருந்தது. "எடுத்துரு கண்ணு. வெரசா."

செல்வநாயகி புருவத்துக் குங்குமத்தைத் துடைத்தாள். பசையின் ஓரத்தைக் குச்சியால் நெம்பினாள். அது முழுசாக, ஒரு பட்டாணித் தோல் மாதிரி கழன்று வந்தது. சுற்றிலும் ஸ்பாஞ்சை ஒற்றிச் சரி செய்தாள். தானே தைத்த தையலைத் தானே பிரிப்பதுபோல இருந்தது.

மேடையில் ஏறும்போது வேலாத்தாள் அவர் கையைப் பிடித்திருந்தாள். பார்த்தவர்கள், இந்த வயதிலும் எவ்வளவு ஆசையாக இருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். மாலை மாறியது. மகன் குங்குமக் கிண்ணத்தை நீட்டினான். செல்வநாயகி தூணோரத்தில் நின்று, முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சென்னியப்பனின் நடுவிரல் போனது. குழியில் உட்கார்ந்தது. மோதிர விரல் இறங்கியது. நெற்றிக்கு நட்டநடுவில், வட்டமாக, ஒரு பொட்டு.

மேளம் கொட்டியது. அரிசி வந்து விழுந்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

ஒல்லியாக, மூக்குத்தி போட்ட ஒருத்தி மேடைமேல் ஏறி வேலாத்தாளின் தாவாயைப் பிடித்தாள். ராமாத்தாளாகத்தான் இருக்க வேண்டும்.

"ஏன் அண்ணி, வெள்ளகோவில்ல இருந்து ஆள் வந்து மேக்கப் போட்டும் அந்தப் பட்டாணிக் குழி போகலையே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேலாத்தாளும் சிரித்தாள். "இங்க பாருங்க" என்றார் போட்டோக்காரர். விளக்கு பளிச்சென்று அடித்தது. அந்தச் சமயத்தில் வேலாத்தாளின் தலை தானாகக் குனிந்துகொண்டது.

செல்வநாயகி அதைப் பார்த்தாள். ஆனால் அவள் மனசு அங்கே இல்லை. விடுவிடுவென்று அறைக்கு வந்தாள். தமயந்தி ஸ்பாஞ்சுகளைக் கழுவிப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"டீச்சர், கணக்குப் புடிபட்டுருச்சு!"

"சொல்லுங்க."

"நான் மூஞ்சியைத் துணியாப் பாத்துட்டேன். ஓட்டைன்னா அடைக்கோணும்னு நெனச்சேன். அது ஓட்டை இல்ல. அந்த மூஞ்சியோட குடித்தனம் பண்ணுனவங்களுக்கு அதுதான் அடையாளம். இனிமே வயசானவங்க மூஞ்சியில எதையும் மூட மாட்டேன். விட்டுருவேன். சரிதானுங்க?"

"அப்படிங்களா" என்றாள் தமயந்தி. ஸ்பாஞ்சை இன்னொருமுறை பிழிந்தாள்.

கதவு திறந்தது. வேலாத்தாள் உள்ளே வந்தாள். பின்னாலேயே சென்னியப்பன் வந்து, கதவு நிலையைத் தொட்டுப் பார்த்து அதில் சாய்ந்துகொண்டார். தலையில் அரிசி ஒட்டியிருந்தது.

வேலாத்தாள் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கலைச்சு விடட்டுங்களாம்மா?" என்றாள் செல்வநாயகி.

"கலைக்காத. அந்தக் குழியை மறுக்கா மூடு."

செல்வநாயகிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அந்த அம்மாள்மேல் ஒரு பிரியமும் வந்தது.

"இன்னும் எதுக்கும்மா அது? அந்தக் குழிதான அய்யாவுக்கு வழி காட்டுச்சு. அது இல்லைன்னா இன்னிக்கு என்னாயிருக்கும்? அதைப் போயி மூடச் சொல்றீங்களே."

"அவருக்கு வேண்டியது ஆச்சு. குங்குமம் வெச்சுட்டாரு. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. என்ர வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்குது." வேலாத்தாள் கண்ணாடியைத் தன் பக்கம் இழுத்தாள். "என்ர போட்டோ இன்னும் ஆகலையே."

"மேடையில எடுத்தாங்களே."

"அதுலயும் உச்சந்தலைதான்."

செல்வநாயகி விடுவதாக இல்லை. "அம்மா, சொன்னாக் கேளுங்க. அதுதானுங்க உங்களுக்கு அழகு."

"அழகா?" வேலாத்தாள் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்படின்னா நீ வெச்சுக்கறயா?"

கதவோரத்தில் சென்னியப்பன் சத்தமாகச் சிரித்தார். "எடுத்துக்கட்டும் கண்ணு. நான் கூட நிக்கல. அது அவளோட தனிப் படம். எனக்கு எப்படியும் போட்டோ தெரியப் போறதில்ல. வெள்ளிக்கிழமை நான் குங்குமம் வெக்கறதுக்குள்ள இதைக் கழுவிருவாளே."

செல்வநாயகிக்கு இப்போதுதான் பிடித்த கணக்கு கைக்குள்ளிருந்து நழுவிக்கொண்டிருந்தது. வேறு வழி தெரியாமல் குருவைத் திரும்பிப் பார்த்தாள்.

தமயந்தி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நாயகியக்கா, அந்தச் சின்ன டப்பாவை எடுங்க. போட்டோக்காரர் பந்தியில உக்கார்றதுக்குள்ள போட்டு முடிச்சிருங்க."